வரி விளம்பரம் சொல்லாத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

‘ஸ்பின்னிங் மில்லுக்குப் பெண்கள் தேவை. வயது 18 முதல் 30 வரை. அனுபவம் வேண்டாம். சாப்பாடு, தங்குமிடம் இலவசம். முன்பணம் உண்டு’ என்று சொல்லிவிட்டு, கீழே ஒரு செல்போன் எண்ணை மட்டும் போட்டிருக்கும் வரி விளம்பரங்கள் நாளிதழ்களில் தவறாமல் வருகின்றன. மில்லின் பெயர் இருக்காது. ஊர் இருக்காது. நாள் கூலி எவ்வளவு என்பதும் இருக்காது. அதே நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் இன்னொரு செய்தி ஓடுகிறது: கட்டாய உழைப்பில் உருவான பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2027 டிசம்பர் 14 முதல் தன் சந்தையில் அனுமதிக்காது. பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம் என்ற வேறுபாடு அந்தச் சட்டத்தில் இல்லை. பஞ்சு, நூல், துணி, ஆடை என்று எந்தப் படியில் கட்டாய உழைப்பு நுழைந்திருந்தாலும் கடைசியில் கப்பலேறும் பொருள் மாட்டிக்கொள்ளும். விளம்பரப் பக்கத்துக்கும் வணிகப் பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தொடர்பைப் பற்றி எழுதுகிறோம்.

ஏற்றுமதி நிறுவனங்கள் தயாராகத் தொடங்கிவிட்டன. ‘எங்கள் வளாகத்தில் கட்டாய உழைப்பு இல்லை’ என்று பலகை மாட்டுகிறார்கள். நூல் தரும் மில்களிடம் உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் போடுகிறார்கள். புகார்ப் பெட்டி வைக்கிறார்கள். இவை இருக்கட்டும். ஆனால் இவற்றால் ஒரு கொத்தடிமையைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. தணிக்கைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பூட்டைத் தேடுகிறார்கள். விடுதிக் கதவு வெளியே பூட்டியிருக்கிறதா, காவலாளி தடுக்கிறாரா, யாராவது அடிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, எதுவும் இல்லையென்றால் சான்று எழுதிவிடுகிறார்கள். சான்றின் மதிப்பு என்ன என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2012 செப்டம்பரில் கராச்சியில் தீப்பிடித்து 250 பேருக்கு மேல் பலியான ஆடை ஆலைக்கு, சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற சமூகப் பொறுப்புத் தரச்சான்று வழங்கப்பட்டிருந்தது. அங்கே வெளியேறும் வழிகளில் தொங்கிய நிஜப் பூட்டே தணிக்கையாளர் கண்ணில் படவில்லை.

தமிழ்நாட்டு ஆலைகளிலும் சூளைகளிலும் ஆளைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் பணம். யாருடைய பணம் யார் கையில் முடங்கிக் கிடக்கிறது என்று பார்த்தால் முடிச்சு எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அடையாளங்களில் கூலியை நிறுத்திவைப்பதும் கடனால் பிணைப்பதும் தனித்தனியாக இடம்பெற்றிருக்கின்றன. முதலாவது நூற்பாலைகளில் வளர்ந்த முறை. இரண்டாவது செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் தொழில்களில் காலங்காலமாக இருப்பது. ஒன்றில் தொழிலாளியின் பணம் முதலாளியிடம் நிற்கிறது. மற்றதில் முதலாளியின் பணம் தொழிலாளியிடம் நிற்கிறது. இரண்டிலும் நடுவழியில் எழுந்து போக முடியாது.

நூற்பாலை முறைக்குச் சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்றெல்லாம் மங்கலமான பெயர்கள் இருந்தன. தொழிலாளர்கள் அதை ‘கேம்ப் கூலி’ என்றார்கள், அதுதான் சரியான பெயர். மூன்று ஆண்டுகள் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும் என்பது பேச்சு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்சக் கூலியைவிட நாளொன்றுக்கு 60 ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், 36 மாதம், ஆக 936 நாள். பிடித்துவைத்த தொகை 56,160 ரூபாய். கடைசியில் ‘சீர்’ என்று கையில் வைப்பது 50,000. அதாவது அவள் பணத்தையே வட்டியில்லாமல் மூன்று ஆண்டு வைத்திருந்து, 6,160 ரூபாயைக் கழித்துக்கொண்டு திருப்பித் தருகிறார்கள். முப்பதாவது மாதத்தில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போனால் 46,800 ரூபாய் அப்படியே போய்விடும். அந்தப் பயம் போதும். கதவுக்குப் பூட்டு எதற்கு?

இப்போது அந்தப் பெயரைச் சொல்லி யாரும் ஆள் எடுப்பதில்லை. பெயர் போனதே தவிர, முறை பல வேடங்களில் நிற்கிறது. ‘மூன்று வருட முடிவு போனஸ்’, ‘வருகை ஊக்கத்தொகை, ஆண்டுக் கடைசியில்’, ‘முதல் மாதச் சம்பளம் டெபாசிட்’ என்று வரும். மொத்தத் தொகை என்று தருவது அந்தப் பெண்ணின் சொந்த பி.எஃப். பணமாக இருந்துவிடுவதும் உண்டு. நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் ஒரு பக்கத்தை (சைடு) தனியாகப் பார்க்கிற பெண்ணை இரண்டாவது ஆண்டிலும் ‘அப்ரண்டிஸ்’ என்றே பதிவேட்டில் வைத்திருப்பது இன்னொரு வேடம். அறுந்த நூலை ஒட்டும் பீஸிங் வேலை தெரிந்து, முழுச் சைடையும் ஓட்டுகிறவர் பயிலுநர் இல்லை. அவரது உற்பத்திச் சிட்டையே அதற்குச் சாட்சி.

சூளையில் நடப்பது இதன் மறுபக்கம். சீசனுக்கு முன் புரட்டாசி, ஐப்பசியில் வேலை இல்லாத நாளாகப் பார்த்துக் குடும்பத்துக்கு முன்பணம் கொடுக்கிறார்கள். அறுத்த கல்லுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலும், வாரம்தோறும் கையில் வருவது சாப்பாட்டுச் செலவுக்கான காசுதான்; மீதி முன்பணத்தில் ‘கழிகிறது’. எவ்வளவு கழிந்தது என்ற நோட்டு மேஸ்திரியிடம் இருக்கும். மழையில் கரைந்த பச்சைக் கல்லுக்குக் கூலி இல்லை. மருந்துச் செலவு, ஊர்த்திருவிழாச் செலவு எல்லாம் கடனில் ஏறும். சீசன் முடிவில் பாக்கி நிற்கும். அடுத்த சீசனுக்கு அதே சூளை. திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கம் மீட்கப்பட்டவர்களில் இருளர் குடும்பங்கள் அதிகம் என்பது தற்செயல் இல்லை. நிலமும் சாதிச் சான்றும் வங்கிக் கடனும் எட்டாதவர்களுக்கு முன்பணம் ஒன்றே கிடைக்கும் கடன்.

சட்டம் இதையெல்லாம் 1976-லேயே யோசித்துவிட்டது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி, முன்பணம் அல்லது கடனுக்கு ஈடாக ஒருவர் கூலியில்லாமலோ பெயருக்கு ஒரு கூலி வாங்கிக்கொண்டோ உழைத்தாலும், வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலும், விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையை இழந்தாலும், தன் உழைப்பின் விளைவைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்தாலும் அது கொத்தடிமை முறை. நான்கும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை, ஒன்று போதும். 6-ஆம் பிரிவு அந்தக் கடனையே அழித்துவிடுகிறது. 15-ஆம் பிரிவு, அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் தலையில் வைக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. வறுமையின் கட்டாயமும் கட்டாயம்தான் என்பது அத்தீர்ப்பின் சாரம். தண்டனையில்தான் சட்டம் கிழடுதட்டிவிட்டது: மூன்று ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். 1976-இல் 2,000 ரூபாய் பெரிய தொகை.

இனி, ஒரு நிறுவனம் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினால் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருவோம். தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பதிவேடும் குற்றம் சொல்லாது. இரண்டிரண்டாக வைத்துப் பார்க்க வேண்டும்.

மில்லில் முதலில் கேட்க வேண்டியது விடுதியின் மெஸ் கணக்கு. வருகைப் பதிவேட்டை அலுவலகம் தணிக்கைக்காகவே எழுதும். மெஸ் கணக்கை அரிசி வாங்குகிறவர் தன் கணக்குக்காக எழுதுகிறார், அதனால் பொய் சொல்ல மாட்டார். அதை பி.எஃப். மாத அறிக்கையோடு சேர்த்துப் பாருங்கள். அந்த அறிக்கையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘பங்களிப்பு இல்லாத நாள்கள்’ என்று ஒரு பத்தி உண்டு. ஒரு பெண்ணுக்கு அதில் 12 நாள் போட்டிருக்கும். மெஸ் கணக்கிலோ அந்த மாதம் முழுக்க அவர் சாப்பிட்டிருப்பார். உடம்பு சரியில்லாமல் விடுதியில் படுத்திருந்தார் என்று ஒருவருக்குச் சொல்லலாம். நாற்பது பேருக்குச் சொல்ல முடியாது. இரண்டாவது ஜோடி, ரிங் பிரேம் உற்பத்திச் சிட்டையும் வருகைப் பதிவேடும். எந்த ஷிப்டில் எந்தப் பிரேமை யார் ஓட்டினார் என்று சிட்டையில் பெயர் அல்லது டோக்கன் எண் இருக்கும். ஒரே டோக்கன் அடுத்தடுத்த இரு ஷிப்டில் வந்தால் ஒன்றரை ஷிப்டோ இரட்டை ஷிப்டோ ஓடுகிறது. அதற்கு இரட்டிப்புக் கூலி கொடுத்ததாகச் சம்பளப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் போன ஒவ்வொரு மணிக்கும் அது சட்டம்.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. ‘நாங்கள் வங்கியில்தான் சம்பளம் போடுகிறோம்’ என்று சொன்னதும் பல தணிக்கையாளர்கள் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: சம்பளம் ஏறியதும் வரும் குறுஞ்செய்தி யாருடைய செல்போனுக்கு வருகிறது? வடமாநிலத் தொழிலாளர்களின் கணக்கை ஒப்பந்ததாரரே திறந்து, தன் எண்ணையோ தன் ஆளின் எண்ணையோ கொடுத்து, ஏ.டி.எம். அட்டைகளையும் தானே வைத்துக்கொள்வது தெரிந்த வழிதான். ‘தொலைந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருக்கிறோம்’ என்பார்கள். ஆதார் அட்டைக்கும் இதே பதில் வரும். பத்திரம் வேண்டுமென்றால் தொழிலாளியிடமே சாவி இருக்கும் அலமாரி கொடுக்கலாமே!

பிடித்தங்களைச் சம்பளச் சீட்டில் மட்டும் பார்க்கக் கூடாது. சட்டப்படி எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. சீட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. மட்டும் இருக்கும், விடுதி, சாப்பாடு, சீருடை, ஏஜெண்ட் பணம் எல்லாம் சம்பளம் ஏறிய மறுநாள் கையில் வாங்கப்படும். ‘சம்பளம் எவ்வளவு’ என்று கேட்டால் மனப்பாடமான பதில் வரும். ‘போன மாதம் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினாய்’ என்று கேட்டால் உண்மை வரும்.

பேச வேண்டிய இடமும் முக்கியம். மனிதவள அலுவலர் தேர்ந்தெடுத்து அனுப்பும் பத்துப் பேரை, அலுவலக அறையில், பகல் ஷிப்டில் பார்ப்பது வீண். அரை நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களை விடுதியிலோ, விடுமுறையில் ஊருக்குப் போனவர்களை அவர்கள் ஊரிலோ பார்க்க வேண்டும். முடிந்தால் ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டுப் போனவர்களைப் பார்க்க வேண்டும். போனவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தார்களா என்பதைப்போல நம்பகமான சோதனை வேறில்லை. ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்களிடம் மேஸ்திரியையே மொழிபெயர்க்கச் சொல்வது இன்றும் நடக்கிறது. ‘உன்னைக் கட்டாயப்படுத்துகிறார்களா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற ஒரே பதில்தான் வரும். ‘நாளைக்கே ஊருக்குப் போகவேண்டும் என்றால் யாரிடம் சொல்வாய்? பாக்கி எப்போது கிடைக்கும்? திரும்பி வராவிட்டால் யார் வீட்டுக்கு வந்து கேட்பார்கள்?’ என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஏதாவது பெயர் வந்தால் அங்கே கடன் இருக்கிறது.

வயதுக்கு ஆதாரைப் பார்த்துத் திருப்தியடைவது இன்னொரு தவறு. பிறந்த தேதி ஜனவரி 1 என்று வரிசையாக வந்தால் அது சொன்னதைக் கேட்டு எழுதிய தேதி. ஆதார் வயதுக்கான சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லிவிட்டது. பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று என்பதே இளஞ்சிறார் நீதிச் சட்டம் சொல்லும் வரிசை.

விடுதிகளுக்கென்று 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்த விடுதியா என்று கேட்பது நூல் வாங்குகிறவருக்கு ஐந்து நிமிட வேலை. அதைவிட முக்கியமானது வெளியே போகும் சீட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்பது. வார்டன் போட்டால் அது விடுதி. ஷிப்ட் சூப்பர்வைசர் போட்டால் அது கேம்ப்.

ஒப்பந்ததாரர் விஷயத்தில் அவர் மில்லுக்கு அனுப்பும் பில்லைப் பாருங்கள். கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. போக அவருக்குச் சேவைக் கட்டணம் என்று எதுவுமே இல்லை, அல்லது தலைக்கு நூறு இருநூறுதான் என்றால் அவர் எப்படிப் பிழைக்கிறார்? ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ ஒருவரை அழைத்துவர ரயில் கட்டணம், வழிச் சாப்பாடு, ஊர் ஏஜெண்டின் கமிஷன் எல்லாம் செலவாகிறது. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் ஆள் சேர்ப்புச் செலவு என்ற தலைப்பில் ஒரு ரூபாய்கூட இல்லையென்றால் அதைத் தொழிலாளி கொடுத்திருக்கிறார். கையில் காசில்லாதவர் கடனாகத்தான் கொடுத்திருப்பார். வேலைக்குச் சேரும் செலவை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும் என்ற கொள்கையைப் பல பன்னாட்டு பிராண்டுகள் ஏற்றிருக்கின்றன. அதை விலையில் சேர்த்துக் கொடுக்கிறார்களா என்பது வேறு கதை.

ஜாப் ஒர்க், அதாவது வெளியே கொடுத்துத் தைக்கும் வேலை, போகும் வழியையும் கணக்காலேயே பிடிக்கலாம். 60 தையல்காரர்கள் இருக்கும் ஒரு யூனிட்டில் எட்டு மணி நேரத்துக்கு 28,800 நிமிடம். பாதித் திறனில் ஓடுகிறது என்றால் பயனாவது 14,400. சாதாரண டி-சர்ட் ஒன்றுக்கு 8 நிமிடம் வைத்தால் நாளுக்கு 1,800 பீஸ். அந்த யூனிட் 25 வேலைநாளில் ஒரு லட்சம் பீஸ் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால் நாளுக்கு 4,000 வேண்டும். மீதி 2,200 பீஸ் ஓவர்டைமில் தைக்கப்படுகிறது, அல்லது வாங்குகிறவருக்குப் பெயரே தெரியாத ஏதோ ஒரு கூரைக்குள் தைக்கப்படுகிறது. உயரழுத்த மின் இணைப்பு இருந்தால் மீட்டரின் நேரவாரிச் சுமைப் பதிவைக் கேளுங்கள். விடுமுறை என்று எழுதிய ஞாயிற்றுக்கிழமையில் மெஷின்கள் ஓடினவா என்று அது காட்டிவிடும். ஆர்டரை உறுதி செய்யும் அன்றே இந்தக் கணக்கைப் போட்டால் தணிக்கைச் செலவில் பாதி மிச்சம்.

விநியோகச் சங்கிலி வரைபடம் என்று நிறுவனங்கள் போடும் படங்களில் ஜின்னிங், நூற்பு, நிட்டிங், டையிங், தையல் எல்லாம் அழகாக இருக்கும். சாயப்பட்டறை பாய்லருக்கு விறகு எங்கிருந்து வருகிறது என்பது இருக்காது. சீமைக்கருவேலமும் சவுக்கும் வெட்டுகிற கூட்டத்தில் குடும்பத்தோடு முன்பணத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் இருக்கலாம். புதிதாகக் கட்டும் மில் ஷெட்டின் செங்கல், மெஸ்ஸுக்கு வரும் அரிசி எல்லாம் இதே ரகம். ஆடையில் ஒட்டாத பொருளாக இருப்பதால் யாரும் கேட்பதில்லை. விறகு வியாபாரியிடம் வெட்டும் இடத்தையும் ஆள் பட்டியலையும் கேட்டு வாங்க எந்த வெளிநாட்டுச் சட்டமும் தேவையில்லை.

வெளிநாட்டு வாங்குபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம், ஆண்டு விற்றுமுதல் 3 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. ‘நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று எழுதி வெளியிட்டாலும் சட்டத்தை நிறைவேற்றியதாகவே ஆகும். ஜெர்மனியின் 2023 விநியோகச் சங்கிலிச் சட்டமும், வரப்போகும் ஐரோப்பிய விதியும் அதைவிடக் கடுமையானவை என்பது உண்மை. ஆனால் சட்டம் கடுமையாகும்போது வாங்குபவர் செய்கிற முதல் காரியம், பொறுப்பு முழுவதையும் ஒப்பந்தத்தில் எழுதித் திருப்பூர்க்காரர் தலையில் கட்டுவது. அவர் அதை நிட்டிங்காரர் தலையில், அவர் மில்காரர் தலையில். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி ஏப்ரல் 1 அன்று மாறும். ஜனவரியில் விலை பேசி ஜூனில் ஏற்றும் ஆர்டரில் அந்த ஏற்றத்துக்கு இடம் இருக்கிறதா? மாதிரிக்கு ஒப்புதல் தர மூன்று வாரம் தாமதித்துவிட்டு, ஏற்றும் தேதியை மட்டும் மாற்றாத வாங்குபவர் அந்த மூன்று வாரத்தை இரவு ஷிப்டிலிருந்து எடுக்கிறார். சரக்குக்கு 90 நாள் கழித்துப் பணம் தருகிறவர், மில் தன் தொழிலாளியின் கூலியை நிறுத்திவைப்பதைப் பற்றி உபதேசம் செய்யும்போது கொஞ்சம் கூசத்தான் வேண்டும்.

கண்டுபிடித்தபின் செய்யும் தவறுகள் கண்டுபிடிக்காததைவிட மோசமாகிவிடுவதுண்டு. முதல் தவறு, உடனே ஆர்டரை ரத்து செய்வது. மில்காரர் அன்றிரவே வேனில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார். பாக்கியும் போகும், சாட்சியும் போகும். இரண்டாவது, தணிக்கை அறிக்கையில் ‘டோக்கன் 214 சொன்னார்’ என்கிற அளவுக்கு அடையாளம் விட்டு மில்லுக்கே அனுப்புவது. செய்ய வேண்டிய வரிசை வேறு. ஆபத்தில் இருப்பவர்களை முதலில் பார்க்க வேண்டும்: உதவி எண், குழந்தை என்றால் 1098, பெண்கள் என்றால் 181. கொத்தடிமை அடையாளம் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு அல்லது கோட்டாட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விசாரணை மில் வளாகத்துக்கு வெளியே, தொழிலாளியின் மொழியில், முதலாளி இல்லாமல் நடக்க வேண்டும். விடுதலைச் சான்று கையில் வராமல் ஊருக்கு அனுப்பக் கூடாது. அந்தத் தாள் இல்லையென்றால் மறுவாழ்வு உதவி எதுவும் கிடைக்காது. மத்திய அரசின் திட்டப்படி உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. பிறகு ஆண்களுக்கு 1 லட்சம், பெண்கள், குழந்தைகளுக்கு 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம். இந்தப் பெரிய தொகை வழக்கின் போக்கோடு பிணைக்கப்பட்டிருப்பதால் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. அந்த இடைவெளியில்தான் பழைய மேஸ்திரி மறுபடியும் முன்பணத்தோடு வாசலுக்கு வருகிறார்.

நிறுவனம் தன் பங்குக்குக் குறைந்த கூலி, ஓவர்டைம் வித்தியாசம், ஆள் சேர்ப்புக் கட்டணம் மூன்றையும் ஆள்வாரியாகக் கணக்கிட்டு, தேதி குறித்து, தொழிலாளியின் சொந்தக் கணக்கில் போடச் செய்ய வேண்டும். வாங்குபவர் அதில் ஒரு பங்கை ஏற்க வேண்டும். மலிவு விலையின் லாபம் அவருக்கும் போயிருக்கிறது. மூன்று மாதத்தில் ஒருமுறை, ஆறு மாதத்தில் ஒருமுறை அதே ஆட்களிடம் பேசிச் சரிபார்க்க வேண்டும். மில் மறுத்தால் அப்போது ஆர்டரை நிறுத்தலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2021 ஜனவரியில் ஓர் இளம் பெண் தொழிலாளி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெண்கள் தலைமையிலான டி.டி.சி.யு. தொழிற்சங்கம், ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்று, எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். என்ற மூன்று வாங்குபவர்கள், இரண்டு பன்னாட்டுத் தொழிலாளர் உரிமை அமைப்புகள் அதில் பங்கேற்றன. தொழிலாளர்களிலிருந்தே தளக் கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, தொல்லைகளை அன்றாடம் பதிய வைத்தார்கள். ஆலை நிறைவேற்றாவிட்டால் வாங்குபவர் வணிகத்தைக் குறைத்தாக வேண்டும் என்பது எழுத்தில் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனத்தின் ஆலைச் சரக்குக்குத் தடை விதித்த அமெரிக்கச் சுங்கத்துறை, சீர்திருத்தங்களைப் பார்த்து செப்டம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்டது. ஆண்டுக்கு இரண்டு நாள் வந்துபோகும் தணிக்கையாளரால் செய்ய முடியாததை, தினமும் அங்கேயே நிற்கிறவர்கள் செய்தார்கள். சங்கத்தை வாசலில் விடாத மில்கள் எந்தச் சான்றை மாட்டினாலும் நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்போம்.

அரசிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 9 அன்று ஆட்சியர் அலுவலகங்களில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். அதோடு, 1976 சட்டப்படி அமைத்த கண்காணிப்புக் குழு அந்த ஆண்டில் எத்தனை முறை கூடியது, எத்தனை விடுதலைச் சான்று கொடுத்தது என்பதை மாவட்ட இணையதளத்தில் போடட்டும். பதிவு பெற்ற மில் விடுதிகளின் பட்டியலையும் அங்கேயே போட்டால் நூல் வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தங்களிடம் கேட்பது இது. ஆள் தேவை வரி விளம்பரம் கொடுக்க வருகிறவரிடம், நிறுவனத்தின் பெயரும் ஊரும், நாள் கூலி, வேலை நேரம், வார விடுமுறை, சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பிடித்தம் உண்டா என்ற ஐந்து விவரங்களையும் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்ட் கொடுக்கும் விளம்பரம் என்றால் எந்த மில்லுக்காக என்று எழுதச் சொல்லுங்கள். ‘முன்பணம் உண்டு’ என்ற வரி இருந்தால் அந்த விளம்பரத்தைப் போடாதீர்கள். வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிற பகுதிதானே, ஐந்து விவரம் கூடினால் தங்களுக்கும் நட்டமில்லை.

இப்படிக்கு,
நூற்பாலை, ஆடை ஆலைகளில் தொழிலாளர் நிலைமையைத் தணிக்கை செய்யும் நால்வர்,
திண்டுக்கல் – திருப்பூர்